கத்தி கைக்கு வரும் முன்: தென்னாப்பிரிக்காவில் அறுவை மருத்துவம் கற்க விரும்பும் மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் மருத்துவம் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் என்னைச் சந்திக்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எங்களை எப்போது தியேட்டருக்குள் (அறுவை அரங்குக்குள்) விடுவார்கள், எப்போது தையல் போட விடுவார்கள்?" ஒரு நோயாளியைப் பற்றி அந்த வார்டில் இருக்கும் வேறு எவரையும் விட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும் நாளில் அந்தக் கதவு திறக்கும் என்பதே என் பதில். அறுவை மருத்துவர் ஒருவர் தம் நோயாளியின் உடலில் மாணவரின் கையை வைக்க அனுமதிப்பதற்கு முன், அந்த மாணவர் அந்த நோயாளியிடம் எவ்வளவு அக்கறை காட்டினார் என்பதைத்தான் பார்க்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுடன் வார்டில் நடந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய செய்தி இது. கீழே வரும் படிகள் யாவும் இதிலிருந்தே பிறந்தவை.

இந்த ஊரில் இந்தக் கல்வி நமக்கு எளிதில் கிடைத்ததன்று. 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நட்டாலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மருத்துவராக வேண்டுமென்றால், நெடுங்காலம் கப்பலேறி அயர்லாந்துக்கோ பிரிட்டனுக்கோ இந்தியாவுக்கோ போக வேண்டியிருந்தது. வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்று நட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1951-இல்தான் டர்பனில் தொடங்கியது. இன்று அது நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1936-இல் திறக்கப்பட்ட கிங் எட்வர்ட் மருத்துவமனையின் நெரிசலான வார்டுகளில்தான் அந்தத் தலைமுறை அறுவை மருத்துவம் கற்றது. படுக்கைகளுக்கிடையே தரையில் பாய் விரித்துக் கிடந்த நோயாளிகளைப் பரிசோதித்துக் கற்றதாக எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற முறை வார்டிலிருந்து தொடங்கும் முறைதான்.

பாதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எம்.பி.சி.எச்.பி. என்னும் அடிப்படை மருத்துவப் பட்டம் ஆறு ஆண்டுகள். அதன் பின் இரண்டு ஆண்டுகள் இன்டர்ன் எனப்படும் பயிற்சி மருத்துவர் பணி, அதன் பின் ஓராண்டு கட்டாயச் சமூகப் பணி. பிறகு மெடிக்கல் ஆபீசராகச் சில காலம் உழைத்து, தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் என்னும் தேர்வு அமைப்பின் அறுவைப் பிரிவு நடத்தும் முதல்நிலைத் தேர்வை எழுதி, ரெஜிஸ்ட்ரார் (சிறப்பு மருத்துவராகப் பயிற்சி பெறுபவர்) இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் ஆகியவை அந்த முதல்நிலைத் தேர்வின் பாடங்கள்; ஆகவே இரண்டாம் ஆண்டில் நீங்கள் படிக்கும் உடற்கூறு பின்னொரு நாள் திரும்பி வரும் என்ற நினைவோடு படியுங்கள். ரெஜிஸ்ட்ரார் பயிற்சியின் முடிவில் இறுதித் தேர்வோடு எம்.மெட். என்னும் முதுநிலைப் பட்ட ஆய்வையும் முடித்தால்தான் சிறப்பு மருத்துவராகப் பதிவு கிடைக்கும். ரெஜிஸ்ட்ரார் இடங்கள் குறைவு, விண்ணப்பிப்பவர்கள் அதிகம். உங்களை நேரில் அறிந்த ஓர் ஆசான் எழுதும் ஒரு பக்கக் கடிதம் அங்கே எடை பெறுவதற்குக் காரணம் இதுதான்.

முதல் படி: வார்டில் ஒருவரை முழுமையாக அறிதல்

அறுவைப் பிரிவுக்கு வந்த முதல் நாளே இரண்டு அல்லது மூன்று நோயாளிகளை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரை எடுத்துக்கொண்டு யாரையும் அறியாமல் இருப்பதை விட இது மேலானது. காலைச் சுற்று ஏழு மணிக்கு என்றால் நீங்கள் ஆறு மணிக்கே அங்கே இருங்கள். இரவில் நாடித்துடிப்பு எப்படி இருந்தது, எவ்வளவு சிறுநீர் வந்தது, வடிகுழாயில் வந்தது என்ன நிறம், எத்தனை மில்லி, வாயு பிரிந்ததா, நோயாளி எழுந்து நடந்தாரா என்பவற்றை நீங்களே பார்த்து எழுதுங்கள். சிறுநீரின் அளவை எடைக்கு ஏற்ப எண்ணப் பழகுங்கள்: வளர்ந்தவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லி வர வேண்டும் என்றால், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு முப்பது மில்லி. அதற்குக் கீழே இறங்கினால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

வயிற்றைத் தொட்டுப் பரிசோதிப்பதைத் தினமும் ஒரே ஆளிடம் செய்யுங்கள். நேற்று மென்மையாக இருந்த வயிறு இன்று இறுகியிருக்கிறது என்பதை உணர, நேற்றும் தொட்டிருக்க வேண்டும். தொடும் முன் கையை உரசிச் சூடாக்குங்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடுங்கள். வலி வாயால் சொல்லப்படும் முன்பே முகத்தில் தெரிந்துவிடும்.

மொழியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் மாகாணமான குவாசுலு-நட்டாலின் பொது மருத்துவமனைகளில் பெரும்பாலான நோயாளிகள் இசிசூலு (சூலு மொழி) பேசுகிறவர்கள். பாடத்துக்காகப் படித்த இசிசூலு போதாது. "குபுஹ்லுங்கு குபி?" என்று வலி எங்கே என்பதைக் கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அவர் சொல்லும் நீண்ட பதில் புரியவும் வேண்டும். முதியவரைப் பாபா என்றும், மூத்த பெண்ணை மாமா என்றும், பாட்டி வயதில் உள்ளவரைக் கோகோ என்றும் விளியுங்கள். நம் மொழியில் தாயின் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல் அவர்கள் மொழியில் தாயையே குறிப்பது எனக்கு இன்றும் இனிய வியப்பு. நம் இந்திய மக்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ பீனிக்ஸ் பக்கத்திலோ வயதான ஓர் ஆயா ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டு, நீங்கள் தமிழில் இரண்டு சொல் பேசியதும் உண்மையான வலியைச் சொல்லத் தொடங்குவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் குறைந்துவருகிறது என்று வருந்துகிறோம். அந்த இரண்டு சொல்லையாவது காப்பாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கையை வீட்டில் பழக்குதல்

தியேட்டரில் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளக் கூடாது. கற்றுக்கொண்டு தியேட்டருக்கு வர வேண்டும். ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர் ஒன்று, பல் வைத்த ஃபோர்செப்ஸ் (இடுக்கி) ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, காலாவதியான நைலான் நூல் சில பொட்டலம் இருந்தால் போதும். தியேட்டர் சிஸ்டரிடம் (அரங்குச் செவிலியரிடம்) பணிவாகக் கேட்டால் காலாவதி நூல் கிடைக்கும். மனிதத் தோலுக்கு மிக நெருக்கமாக இருப்பது பன்றிக் கால். அதைப் பயன்படுத்த மனம் ஒப்பாதவர்கள் தோலோடு கூடிய கோழித் தொடையில் பழகலாம். வாழைப்பழத் தோல் மென்மையாகக் கையாளக் கற்றுத்தரும், ஏனென்றால் நூலைச் சற்று இறுக்கினாலும் அது கிழிந்துவிடும்.

ஊசியை நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடியுங்கள். நுனி தோலுக்குள் செங்குத்தாக நுழைய வேண்டும். பிறகு ஊசியின் வளைவைப் பின்பற்றி மணிக்கட்டு சுழல வேண்டும். ஊசியைத் தள்ளுகிறவர்களின் கை விரைவில் களைத்துவிடும், சுழற்றுகிறவர்களின் கை களைக்காது. காயத்தின் இரு ஓரத்திலும் ஒரே தூரம், ஒரே ஆழம். ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். தையல் போட்ட இடம் பின்னர் வீங்கும் என்பதால், இன்று வெளுக்கும் அளவுக்கு இறுக்கிய தையல் நாளை தோலை வெட்டிவிடும். நூலின் எண்ணைப் பற்றிப் பலர் குழம்புகிறார்கள்: 5-0, 6-0 என்று பூச்சியத்துக்கு முன் வரும் எண் கூடக் கூட நூல் மெலிந்துகொண்டே போகும். முகத்துக்கு ஐந்து அல்லது ஆறு, கைகாலுக்கு மூன்று அல்லது நான்கு என்று மனத்தில் கொள்ளுங்கள். முகத் தையலை ஏறக்குறைய ஐந்து நாளிலும், தலைத் தையலை ஏழு நாளிலும், கைகால் தையலைப் பத்து முதல் பதினான்கு நாளிலும் பிரிப்பது வழக்கம்.

முடிச்சை இரண்டு கையால் போடும் முறையில் தொடங்கி, அது கண்ணை மூடிக்கொண்டு வரும் வரை பழகுங்கள். அதன் பிறகே ஒரு கை முறை. கட்டிலின் காலில் நூலைக் கட்டி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நாளொன்றுக்கு நூறு முடிச்சுப் போட்டவர்களை நான் அறிவேன். ஒவ்வொரு முடிச்சும் எதிர்த் திசையில் விழுந்து சதுரமாக அமர்கிறதா என்பதைப் பாருங்கள், ஏனெனில் ஒரே திசையில் விழுந்தால் வழுக்கிவிடும். இடக்கை பழக்கம் உள்ளவர்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் அதே பழக்கமுள்ள மூத்தவர் ஒருவரைத் தேடிக் கற்பது பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

மரத்துப்போகும் ஊசியின் கணக்கையும் வீட்டிலேயே மனப்பாடம் செய்யுங்கள். லிக்னோகெய்ன் தனியாக என்றால் ஒரு கிலோவுக்கு மூன்று மில்லிகிராம், அட்ரினலின் சேர்ந்தது என்றால் ஏழு மில்லிகிராம் என்பது மேல் வரம்பு. ஒரு சதவீத மருந்தின் ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அட்ரினலின் இல்லாமல் ஒரு சதவீத மருந்து பதினெட்டு மில்லிதான், இரண்டு சதவீதம் என்றால் ஒன்பது மில்லிதான். வெட்டுக்காயங்கள் நிறைந்த சனிக்கிழமை இரவில் இந்தக் கணக்கைப் போட நேரம் இருக்காது.

மூன்றாம் படி: தியேட்டருக்குள் நுழைதல்

முந்தைய நாள் மாலையே மறுநாள் பட்டியலைப் பாருங்கள். அந்த அறுவையின் உடற்கூற்றை இரவில் படியுங்கள். காலையில் நோயாளியை மயக்கும் முன்பே அவரைச் சந்தித்து உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் மாணவர் என்பதையும் உள்ளே இருப்பீர்கள் என்பதையும் தெரிவித்து, அவர் சம்மதத்தைக் கேளுங்கள். மயங்கிக் கிடக்கும் ஒருவரைப் பரிசோதிக்க வேண்டுமானால் அதற்கென்று தனியான, முன்கூட்டிய சம்மதம் வேண்டும். இதில் விதிவிலக்கு கேட்கும் ஆசானைப் பின்பற்றாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் பத்தொன்பது அம்சங்கள் உள்ளன. மயக்கும் முன், வெட்டும் முன், அரங்கை விட்டு நோயாளி வெளியேறும் முன் என மூன்று இடங்களில் எல்லாரும் நின்று சரிபார்க்கிறார்கள். வெட்டும் முன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அங்கே உங்கள் பெயரை உரக்கச் சொல்லுங்கள். பெயர் சொன்ன மாணவர் பின்னர் "அந்தப் பஞ்சு எண்ணிக்கையில் ஒன்று குறைகிறதோ" என்று கேட்கத் தயங்குவது குறைவு.

கையுறையின் அளவை முன்பே அறிந்து சிஸ்டரிடம் சொல்லுங்கள். கைகழுவும்போது விரல்நுனி மேலே, முழங்கை கீழே. எதைத் தொட்டீர்கள் என்று சந்தேகம் வந்தால் தொட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு கையுறையை மாற்றக் கேளுங்கள். அதற்காக யாராவது எரிந்து விழுந்தாலும் அந்த வார்த்தை மாலைக்குள் மறைந்துவிடும், நோயாளிக்கு வந்த சீழ் மறையாது. காயத்தின் ஓரத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்திருப்பது வீண் வேலை என்று எண்ணாதீர்கள். சரியாகப் பிடிக்க வேண்டுமானால் அறுவை மருத்துவர் அடுத்து எங்கே பார்க்கப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த நாளில் அந்த அறுவையின் பாதியைக் கற்றுவிட்டீர்கள்.

எச்.ஐ.வி. பரவலாக உள்ள மாகாணம் இது. ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். உடனே கையைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, மேலாளரிடம் சொல்லி, தடுப்பு மாத்திரையை இயன்றவரை சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதில் பயனில்லை. இருபத்தெட்டு நாள் தவறாமல் விழுங்க வேண்டும். வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்த மாணவர்களைக் கண்டிருப்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான்காம் படி: ஆசானைக் கண்டுபிடித்தல்

புகழ்பெற்ற பேராசிரியரைத் தேடி ஓடாதீர்கள். உங்களுக்கு நேரம் தரக்கூடியவரைத் தேடுங்கள். பெரும்பாலும் அவர் உங்களுக்கு ஐந்தாறு ஆண்டுகள் மூத்த ரெஜிஸ்ட்ராராக இருப்பார், சில சமயம் முப்பது ஆண்டு அனுபவமுள்ள தியேட்டர் சிஸ்டராக இருப்பார். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் விலங்கு ஆய்வுக்கூடத்தில் தோட்ட வேலையிலிருந்து வந்த ஹாமில்டன் நாக்கி, முறையான மருத்துவப் படிப்பு ஏதுமின்றி, உறுப்பு மாற்று அறுவையின் நுட்பங்களை எத்தனையோ அறுவை மருத்துவர்களுக்குக் கற்றுத்தந்தார். 2003-இல் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் அளித்தது. 1967-இல் நடந்த முதல் இதய மாற்று அறுவையில் அவர் பங்கேற்றார் என்று பரவிய கதை உண்மையன்று. உண்மையாகவே அவர் செய்த கற்பித்தலே அவரைப் போற்றப் போதுமானது.

எவரிடம் கேட்பது என்று முடிவு செய்தபின், "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், சிறிய, திட்டவட்டமான ஒன்றைக் கேளுங்கள். "அடுத்த நான்கு வாரம் செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் உங்களோடு நிற்கலாமா, ஒவ்வொரு முறையும் முடிவில் ஐந்து நிமிடம் என் கையைப் பற்றிச் சொல்வீர்களா?" என்ற கேள்விக்கு மறுப்புச் சொல்வது கடினம். சொன்ன நாளில் வாருங்கள். வர முடியாவிட்டால் முந்தைய இரவே தெரிவியுங்கள். ஒரே ஊர்க்காரர், ஒரே மொழிக்காரர் என்பது அறிமுகத்துக்கு உதவும்; அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். நம்மவரல்லாத ஆசான்களிடம் நான் கற்றது அதிகம்.

ஆசான் உங்களை அவமானப்படுத்தினால், தகாத முறையில் தொட்டால், உங்கள் உழைப்பைத் தம் பெயரில் போட்டுக்கொண்டால், அது பயிற்சியின் பகுதி என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். துறைத் தலைவரிடமோ மாணவர் நல அலுவலகத்திடமோ நாள், நேரம், சாட்சி ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: சரியான முறையில் கற்பித்தலைக் கேட்டல்

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்ற பழைய வழக்கு அறுவை உலகில் இன்னும் உலவுகிறது. அதை நான் ஏற்கவில்லை; பார்த்த ஒன்றுக்கும் செய்யும் ஒன்றுக்கும் இடையே இருக்கும் இடைவெளியை நோயாளி தம் உடலால் நிரப்ப வேண்டியிருக்கிறது. ரோட்னி பெய்ட்டன் என்னும் அறுவை மருத்துவர் வகுத்த நான்கு கட்ட முறை இதைவிட மிக நல்லது. முதலில் ஆசான் வழக்கமான வேகத்தில், பேசாமல் செய்துகாட்டுவார். அடுத்து மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதாக நீங்கள் வாயால் சொல்லச் சொல்ல அவர் செய்வார். உங்கள் மனத்தில் உள்ள பிழை இங்கேதான் வெளிப்படும். கடைசியாக நீங்கள் சொல்லிக்கொண்டே செய்வீர்கள். ஆசான் இந்த முறையை அறியாவிட்டாலும், "நான் படிகளைச் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள்" என்று கேட்பது உங்கள் கையில் இருக்கிறது. மார்புக் குழாய் போடுவதைக் கற்க இதைவிட ஏற்ற வழி எனக்குத் தெரியாது. விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி உள்ளே போக வேண்டும், நரம்பும் இரத்தக் குழாயும் கீழ் விளிம்பில் ஓடுவதால் என்று வாயால் மூன்று முறை சொன்னவரின் கை அந்த விளிம்பைத் தவறவிடுவதில்லை.

ஆறாம் படி: தவற்றைச் சொல்லப் பழகுதல்

நான் இன்டர்னாக இருந்த முதல் ஆண்டில், குடல்வால் வெடித்து அறுவை செய்யப்பட்ட ஓர் இளைஞர் என் வார்டில் இருந்தார். மூன்றாம் நாள் நள்ளிரவில் அவர் நாடி 118 என்று சிஸ்டர் அழைத்தார். வலியால் இருக்கும் என்று எண்ணி வலி மருந்தை எழுதிவிட்டுப் போனேன். இரண்டு மணிக்கு மீண்டும் அழைத்தார், நாடி 124. உறங்கிக்கொண்டிருந்த ரெஜிஸ்ட்ராரை எழுப்ப அஞ்சினேன். காலையில் அவர் வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. மீண்டும் வயிற்றைத் திறந்தபோது உள்ளே சீழ் நிறைந்திருந்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரண்டு வாரம் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

என் கன்சல்டன்ட் (எங்கள் பிரிவின் மூத்த சிறப்பு மருத்துவர்) என்னைத் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, அந்த இரவின் ஒவ்வொரு மணிநேரத்து எண்ணையும், ஒவ்வொரு மணிநேரத்திலும் நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதச் சொன்னார். எழுதி முடித்தபின், ரெஜிஸ்ட்ராரை அழைத்திருக்க வேண்டிய இடத்தில் என்னையே கோடு போடச் சொன்னார். அந்தக் கோடு பன்னிரண்டரை மணியில் விழுந்தது. அடுத்த வாரம் நோய்ச்சிக்கல் ஆய்வுக் கூட்டத்தில் அதை நானே எடுத்துரைத்தேன். அறுவை முடிந்தவரின் நாடி காரணமின்றி ஏறினால், வேறொன்று நிரூபிக்கப்படும் வரை உள்ளே கசிவு இருக்கிறது என்றே இன்றும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

அழைக்கும்போது சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள்: யார், என்ன அறுவை, எத்தனையாம் நாள், என்ன மாறியது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், என்ன வேண்டும். அரை நிமிடத்தில் முடிய வேண்டும். அப்படி அழைத்த மாணவரை எந்த ரெஜிஸ்ட்ராரும் நீண்ட காலம் கோபித்துக்கொள்வதில்லை.

ஏழாம் படி: பதிவேடு

நாளும் இரவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது என்று மூன்று பத்தி. நோயாளியின் பெயரோ கோப்பு எண்ணோ எழுதாதீர்கள்; நாள், வயது, அறுவை, உங்கள் பங்கு போதும். ஒவ்வொன்றின் கீழும் ஆசான் சொன்ன ஒரு திருத்தத்தை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரே திருத்தம் நான்கு இடத்தில் வந்திருந்தால், அடுத்து எதைப் பழக வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப்புற மருத்துவமனைக்குப் போகும் முன்

சமூகப் பணி ஆண்டில் நீங்கள் நகரத்திலிருந்து பல மணி நேரத் தொலைவில் தனியாக நிற்கலாம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த உலகளாவிய அறுவைக்கான ஆணையம் 2015-இல் மூன்று அறுவைகளை ஒரு மாவட்ட மருத்துவமனையின் அளவுகோலாக வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறக்கும் அறுவை, தோல் கிழிந்து வெளியே வந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை. இன்டர்ன் பணியின்போது இம்மூன்றிலும் எங்கே உங்களால் தனியாக இயலும், எங்கே நோயாளியை நிலைப்படுத்தி ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும் என்பதை ஆசானோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் விடுமுறையில் நெடுஞ்சாலை விபத்துகள் குவியும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு உங்கள் குடும்பம் போயிருக்கும் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கோ மலைப்பக்கத்தில் பணியில் இருக்கக்கூடும். அன்றைக்கு அழைப்பதற்கென்று இரண்டு மூத்தவர்களின் எண் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். அழைக்கலாமா என்று முன்பே கேட்டு அனுமதி பெற்றிருங்கள்.

கற்பிக்கும் மூத்தவர்களுக்கு

ரெஜிஸ்ட்ராராகவோ கன்சல்டன்டாகவோ இதைப் படிப்பவர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. மாணவரின் பெயரைக் கற்று, பெயர் சொல்லி அழையுங்கள். அறுவைக்கு முன் "இன்று நீ இதைச் செய்வாய்" என்று ஒரு பகுதியை, தோலை மூடுவதாயினும் சரி, தெளிவாக ஒதுக்குங்கள். பட்டியல் நீண்டுவிட்டது என்று அதைக் கடைசி நேரத்தில் பறிக்காதீர்கள். முடிந்தபின் கவுனைக் கழற்றும் அந்த இரண்டு நிமிடத்தில், எது நன்றாக இருந்தது, எதை அடுத்த முறை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றைச் சொல்லுங்கள். என் கன்சல்டன்ட் எனக்குத் தந்த அந்த வெள்ளைத் தாளைப் போல ஒன்றை நானும் மேசையில் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று இன்டர்ன்கள் அதில் தங்கள் இரவை எழுதுகிறார்கள், எழுதியபின் அடுத்த முறை எத்தனை மணிக்கு என்னை அழைப்பார்கள் என்று அவர்களே அதன் அடியில் குறித்துவிட்டுப் போகிறார்கள்.